நான்கு பேய்கள், நான்கு குணங்கள்

எழுபதுகளின் இறுதியில் ஜப்பானிய வீடியோ விளையாட்டுக் கூடங்களில் சுடுவதுதான் ஆட்டம். 1978-இல் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' அப்படியொரு அலையைக் கிளப்பியிருந்தது. கூடங்களை நிறைத்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்களும் அங்கே வந்து ஆட வேண்டும் என்று விரும்பினார் நாம்கோ நிறுவனத்தின் தோரு இவாதானி. துப்பாக்கியை ஒதுக்கிவிட்டுச் சாப்பாட்டைக் கையில் எடுத்தார். வாயைத் திறந்து மூடும் ஒரு மஞ்சள் வட்டம், அது விழுங்க 244 புள்ளிகள், அதைத் துரத்த நான்கு பேய்கள். 1980-இல் 'பேக்-மேன்' வந்தது.

அந்தப் பேய்கள்தான் இதன் பெரும் சாதனை. 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' எதிரிகள் வரிசை கலையாமல் ஒன்றாகவே நகர்ந்தார்கள். இங்கோ நான்கும் கூடிப் பேசி வளைப்பதுபோல ஆடுபவருக்குத் தோன்றும். உள்ளே இருப்பது எளிய கணக்கு.

திரை சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பேய்க்கும் ஓர் இலக்குக் கட்டம் உண்டு. வழி பிரியும் இடத்தில், எந்தப் பக்கம் அடி வைத்தால் அந்த இலக்கு நேர்க்கோட்டில் அருகில் வருமோ, அந்தப் பக்கம் பேய் திரும்பும்.

குணம் பிறப்பது இலக்கில். சிவப்புப் பேய் பிளிங்க்கிக்கு, பேக்-மேன் இருக்கும் கட்டமே இலக்கு, பின்னாலேயே ஓடிவரும். இளஞ்சிவப்புப் பிங்க்கி அவனுக்கு நான்கு கட்டம் முன்னால் குறிவைக்கும். அதனால் மறித்து நிற்கும். நீல இங்க்கியின் கணக்கு விநோதமானது: பேக்-மேனுக்கு இரண்டு கட்டம் முன்னே ஓர் இடம்; பிளிங்க்கியிலிருந்து அவ்விடத்துக்கு ஒரு கோடு; அதே அளவு அப்பாலும் நீட்டினால் முடியும் கட்டமே இலக்கு. ஆரஞ்சு கிளைட் தூரத்தில் இருக்கும்வரை துரத்தும். எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கினால் தன் மூலைக்குத் திரும்பிவிடும்.

ஓயாமல் துரத்தினால் ஆடுபவர் சலித்துவிடுவார். ஆகவே, முதல் சுற்றின் தொடக்கத்தில் 7 வினாடி பேய்கள் தத்தம் மூலைக்கு விலகும். பிறகு 20 வினாடி துரத்தல்.

ஒரே மாதிரி ஆடினால் பேய்களும் ஒரே மாதிரியே வரும். அதைக் கண்டுகொண்டவர்கள் பாதைகளை மனப்பாடம் செய்தார்கள். அவற்றை வரைந்து காட்டும் புத்தகங்கள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. தேர்ந்தவர்கள் 256-ஆவது சுற்றுவரை போனார்கள். சுற்றின் எண்ணுக்கு ஒதுக்கியிருந்தது ஒரே ஒரு பைட். அதில் 255-க்கு மேல் இடமில்லை. அங்கே, சுற்றைக் குறிக்கும் பழப் படங்களை வரையும் கணக்கு குழம்பி, திரையின் வலப்பாதி எழுத்தும் எண்ணுமாகச் சிதறும். சுற்றை முடிக்கப் போதிய புள்ளிகள் கிடைக்காமல் ஆட்டம் அங்கேயே நின்றுபோகும்.