ஊசிவால் வாத்து

ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில், வடகிழக்குப் பருவமழை நம் ஏரிகளையும் கழிகளையும் நிரப்புங் காலத்து, நெடுந்தொலைவினின்று நம் நாட்டிற்கு விருந்தாய் வருவன நீர்ப்பறவைகள். அவற்றுள் தோற்றப் பொலிவாலும் பறக்கும் விரைவாலும் சிறந்து விளங்குவது ஊசிவால் வாத்து. ஆதம்பாக்கத்திற்குத் தென்கிழக்கே, வேளச்சேரியைக் கடந்தவுடன் பரந்து கிடக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் இதனைக் காணலாம். இப்பறவையின் இயல்பையும், அதன் வாழ்விற்கு இன்றியமையாததொன்றையும் இங்குச் சுருங்க உரைக்கப் புகுந்தோம்.

இவ்வாத்தின் ஆணுக்குத் தலை கரும்பழுப்பு நிறம். மார்பின் வெண்மை கழுத்தின் இருமருங்கும் மெல்லிய கோடாய் மேலேறித் தலையைத் தொடும். உடல் சாம்பல் நிறம். வாலின் நடுவில் கரிய இறகுகள் இரண்டு ஊசிபோல் நீண்டு நிற்கும். பெயர்க் காரணம் இதுவே. 1758-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இதற்கு இட்ட இலத்தீன் பெயரும் கூர்மையையே குறிக்கின்றது. வாலுட்பட ஆணின் நீளம் 59 முதல் 76 சென்டிமீட்டர். பெண்ணோ சற்றுச் சிறியது. பழுப்பு நிறத்தில் புள்ளிகளும் வரிகளும் உடையது. தரையிற் கூடு கட்டி அடைகாக்கும் தாய்க்கு அந்நிறமே கவசம். ஆணும் தன் கோலத்தை ஆண்டு முழுதும் தாங்குவதில்லை. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அழகிய இறகுகள் உதிர்ந்து பெண்ணை ஒத்த தோற்றத்தை எய்தும். சிறகிறகுகள் ஒருங்கே உதிர்தலால் சில கிழமைகள் பறக்கவும் இயலாது. ஆதலால் ஐப்பசியில் வந்திறங்குங்கால் ஆண் எது, பெண் எது எனத் தெளிதல் அரிது. மார்கழியில் காண்போர்க்கு அவ்வையம் எழாது.

ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா ஆகிய கண்டங்களின் வடபகுதிகளே இதன் பிறப்பிடம். கோடையில் அங்குப் புல்லிடையே ஏழு முதல் ஒன்பது முட்டைகளிட்டுப் பெண் மட்டும் இருபத்திரண்டு முதல் இருபத்து நான்கு நாள் அடைகாக்கும். குளிர் மிகுந்து நீர் உறைந்தால் உணவு கிட்டாது. எனவே கூட்டங் கூட்டமாய்த் தெற்கு நோக்கிப் புறப்படும். இந்தியாவில் காலில் வளையமிட்டு விடுவிக்கப்பட்ட ஊசிவால் வாத்துகள் பின்னர் ருஷ்ய நாட்டில் அகப்பட்டமையால், இவ்வழிப்போக்கு ஐயமற நிறுவப்பட்டது. பங்குனித் திங்களளவில் இவை வடக்கே மீளும். இணை சேர்தல் பெரும்பாலும் குளிர்காலத்திலேயே நிகழ்தலால், தனித்து வந்தவை பல துணையோடு திரும்புகின்றன. நாரையைத் தன் மனைவியிடம் தூது விடுத்த சத்திமுத்தப் புலவர், அப்பறவை தன் பெடையோடு குமரி வரை வந்து வடதிசை மீள்வதை அறிந்தே பாடினார். வளையமிடும் முறை தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே தமிழர் கண்கள் இச்செலவை நோக்கியிருந்தன என்பது நமக்குப் பெருமையன்றோ?

இனி, இதன் உணவு முறையைக் கூர்ந்து நோக்குவோம். இவ்வாத்து உணவுக்காக நீரில் மூழ்குவது அரிது. தலையையும் கழுத்தையும் நீருட் செலுத்தி, வாலை வானோக்கி நிறுத்தித் தலைகீழாய் நின்று, அடிச்சேற்றிலுள்ள விதைகளையும் கிழங்குகளையும் சிற்றுயிர்களையும் துழாவி உண்ணும். இவ்வாறு உண்ணும் பிற வாத்துகளினும் இதற்குக் கழுத்து நீண்டது. ஆதலின் அவற்றுக்கு எட்டாததும் இதற்கு எட்டும். ஆயினும் அக்கழுத்திற்கும் ஓர் எல்லையுண்டு. ஏறத்தாழ ஒரு முழ ஆழத்திற்குட்பட்ட நீரே இதற்கு உணவுக்கலம். ஆழ்ந்த நீர் பரந்து கிடப்பினும் பயனில்லை. வறண்ட தரையும் பயனில்லை. ஆழமற்ற நீரே இதன் வாழ்வு.

அத்தகைய நீர்ப்பரப்பே பள்ளிக்கரணை. பழையோர் இதனைக் கழுவெளி என்றனர். ஆதம்பாக்கம் ஏரியினின்று வீராங்கல் ஓடை வழியாக வரும் நீரும், சுற்றியுள்ள பல ஏரிகளின் மிகுநீரும் இங்கு வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளத்தருகே கடலிற் கலக்கும். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேற்பட்டிருந்த இவ்வெளி, பயனற்ற நிலமென்று கருதப்பட்டமையால், குப்பைமேட்டிற்கும் சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் இரையாயிற்று. எஞ்சியதில் 317 ஹெக்டேர் 2007-ஆம் ஆண்டில் காப்புக்காடாக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டில் இச்சதுப்பு நிலம் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது.

மக்கள் குடியிருக்க இடமின்றி இடர்ப்படுங்கால், வாத்துக்கென்று ஒரு வெளியை விட்டுவைத்தல் தகுமோ என்று வினவுவார் உளர். அவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. அதற்கு 2015-ஆம் ஆண்டு டிசம்பர்ப் பெருமழையே விடை பகர்ந்தது. வேளச்சேரி, மடிப்பாக்கம் முதலிய பகுதிகளில் வீடுகளுள் வெள்ளம் புகுந்து, மக்கள் படகேறி உயிர் தப்பினர். தாழ்ந்த நிலத்தைத் தூர்த்தமையால் நீர் இல்லாதொழியவில்லை. வேறிடம் தேடி நம் இல்லங்களுட் புகுந்தது. வாத்துக்கு உணவு தரும் அம்முழ நீரே, பரந்து நிற்குங்கால் ஊரின் வெள்ளத்தையும் தாங்குகின்றது.

இன்னொன்றும் கருதற்பாலது. சதுப்பு நிலத்தைக் காப்போர், அதனை ஏரிபோல் எங்கும் ஒருபடித்தாய் ஆழப்படுத்தினாலும் இவ்வாத்து நீங்கிவிடும். ஓரிடம் ஆழமாகவும், ஓரிடம் முழமளவாகவும், ஓரிடம் சேறாகவும் இருப்பதே அந்நிலத்தின் இயற்கை. வேட்டையைத் தடுக்க 1972-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. ஆழத்தைக் காக்கவோ நமது விழிப்பே வேண்டும்.

இவ்விழிப்பு நம்மவர்க்குப் புதிதன்று. வேடந்தாங்கல் மக்கள் தம் ஏரிப்பறவைகளைச் சுடலாகாதென முறையிட்டு, 1798-ஆம் ஆண்டிலேயே செங்கற்பட்டுக் கலெக்டரிடம் ஆணை பெற்றனர். பறவைகளின் எச்சங் கலந்த நீர் தம் வயலுக்கு எருவாவதை அவ்வுழவர் அறிந்திருந்தனர். பறவையின் நலமும் தம் நலமும் ஒன்றெனக் கண்ட அவர் அறிவு, கல்லூரியிற் பயிலும் நமக்கும் வாய்ப்பதாக. வரும் மார்கழியில் ஒரு காலைப்பொழுது நண்பர்கள் பள்ளிக்கரணைக்குச் சென்று, தலைகீழாய் நின்று உண்ணும் அவ்விருந்தினரைக் கண்ணாற் காண்பார்களாக. ஆழமற்ற நீரின் அருமையை அவை நம்மினும் நன்கு விளக்கும்.