உறைபனியில் ஒரு வைப்புக் கணக்கு

சாவை ஒத்திப்போடும் விஞ்ஞானக் கதைகளை நான் கடைக்காரன் புத்தியோடுதான் படிக்கிறேன். செத்தவனை எழுப்ப முடியுமா என்பது விஞ்ஞானியின் கேள்வி. எழுப்பும்வரை செலவை யார் பார்ப்பது என்பது என் கேள்வி.

1931இல் ‘அமேசிங் ஸ்டோரிஸ்’ என்ற அமெரிக்க இதழில் நீல் ஜோன்ஸ் ‘தி ஜேம்சன் சாட்டிலைட்’ என்றொரு கதை எழுதினார். ஒரு பேராசிரியர், தன் சடலத்தை விண்வெளியில் சுற்றவிட ஏற்பாடு செய்துவிட்டுச் சாகிறார். நாலு கோடி வருஷம் கழித்து வேற்றுலக எந்திர மனிதர்கள் அவர் மூளையை எடுத்து உலோக உடம்பில் பொருத்துகிறார்கள். விண்வெளிக்கு வாடகை கிடையாது, கதை சுலபமாக நடந்துவிடுகிறது!

அதைச் சிறுவயதில் படித்தவர் ராபர்ட் எட்டிங்கர். வேற்றுலகத்தார் எதற்கு, நம் விஞ்ஞானிகளே ஒருநாள் செய்வார்களே என்று எண்ணினார். 1964இல் ஒரு பெரிய பதிப்பகம் அவருடைய ‘தி ப்ராஸ்பெக்ட் ஆஃப் இம்மார்ட்டாலிட்டி’ நூலை வெளியிட்டது. 1967 ஜனவரி 12 அன்று ஜேம்ஸ் பெட்ஃபோர்டு என்ற பேராசிரியரின் உடல் உறையவைக்கப்பட்டது. உலகில் இப்படி வைக்கப்பட்ட முதல் மனிதர் அவர்தான்.

செய்முறை இதுதான். உடம்பிலுள்ள தண்ணீர் பனிக்கட்டியானால் செல்கள் சிதைந்துபோகும். ஆகவே இரத்தத்தை வடித்து, பனிக்கட்டி உண்டாகாமல் தடுக்கும் திரவத்தை ஏற்றி, திசுக்களைக் கண்ணாடி போல இறுகவைக்கப் பார்க்கிறார்கள். அப்புறம் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் தலைகீழாக நிறுத்துகிறார்கள். நைட்ரஜன் குறைந்தாலும் தலை கடைசியில்தானே கெடும்! அது ஆவியாகிக்கொண்டே இருக்கும், ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலோர் ஆயுள் காப்பீட்டுப் பணத்தை இதற்கு எழுதிவைக்கிறார்கள். முதலைத் தொடாமல் வருமானத்தில் காலம் தள்ளுவதாக ஏற்பாடு. இதுவரை ஒருவரும் எழுப்பப்படவில்லை.

கலிஃபோர்னியாவில் சாட்ஸ்வொர்த் கல்லறைத் தோட்டத்து நிலவறையில் இந்தக் கணக்கு உதைத்தது. சில குடும்பங்கள் பணம் கட்டுவதை நிறுத்திவிட்டன. ஒன்பது உடல்கள் உருகி அழுகிப்போனது 1979இல் வெளியே தெரிந்தது.

கதாசிரியர்கள் இதை முன்பே மோப்பம் பிடித்துவிட்டார்கள் என்பேன். ஃப்ரெடரிக் போல் எழுதிய ‘தி ஏஜ் ஆஃப் தி புஸிஃபூட்’ நாவலில் தீயில் செத்தவன் 2527இல் எழுகிறான். இருப்பு இரண்டரை லட்சம் டாலர். பெரிய தனவான் என்று நினைத்துக் கையை வீசிச் செலவழிக்கிறான். அந்தக் காலத்து விலைவாசியில் அது காற்றாய்ப் பறக்கிறது. கிளிஃபர்ட் சிமாக்கின் 1967ஆம் வருஷத்து நாவலில் ஜனங்கள் மறுவாழ்வுக்குச் சேர்க்கவென்றே இந்த வாழ்வில் வயிற்றைக் கட்டுகிறார்கள். உறையவைக்கும் நிறுவனமோ உலகத்துக்கே முதலாளி ஆகிவிடுகிறது.

எங்கள் சமண முனிவர்கள் பாடியதாகச் சொல்லப்படும் நாலடியாரில் செல்வம் நிலையாமை ஓர் அதிகாரம், யாக்கை நிலையாமை வேறோர் அதிகாரம். இங்கே இரண்டும் ஒரே பேரேட்டில் வந்து விழுகின்றன. செல்வம் நிற்கும்வரைதான் யாக்கை நிற்கும்.

எட்டிங்கர் 1976இல் மிச்சிகனில் ஒரு நிலையம் தொடங்கினார். அங்கே முதலில் வைக்கப்பட்டவர் அவருடைய தாயார். 2011இல், 92 வயதில், அவரும் அங்கேயே போய்ச் சேர்ந்தார். நைட்ரஜன் இன்றும் ஊற்றுகிறார்கள்.