உலோகமும் கம்ப்யூட்டரும் ஒரே படிப்புதான்

சேலம் கருப்பூரில் 1966-ல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரியில் உலோகவியலுக்கென்றே தனித் துறை உண்டு. இரும்புத் தாது கிடக்கும் கஞ்சமலை, மேக்னசைட் வெட்டும் சுரங்கங்கள், துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டும் உருக்காலை எல்லாம் பக்கத்திலேயே. இந்தப் படிப்புக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் ஏது? ஆனாலும் கவுன்சலிங் வந்துவிட்டால் பெற்றோர் விசாரிப்பது கம்ப்யூட்டர் சயின்ஸைத்தான்.

அவர்கள் பேராசிரியர் ராம்பி ராம்பிரசாத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் உலோகவியல் படித்தவர். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், பிறகு மோட்டோரோலா ஆய்வகம், 2004-ல் கனெக்டிகட் பல்கலைக்கழகம், இப்போது ஜார்ஜியா டெக்.

கெப்பாசிட்டருக்குள் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் படலம் இன்னும் அதிக மின்னாற்றலைத் தாங்க வேண்டும். எந்த பிளாஸ்டிக் தாங்கும்? ஒவ்வொன்றாகக் காய்ச்சிப் பார்த்தால் ஆயுள் போதாது. அவருடைய குழு ஏழு வேதிக் கூறுகளை எடுத்துக்கொண்டு, அவற்றை வரிசை மாற்றி மாற்றிக் கோத்து, ஒவ்வொரு கோவையின் குணத்தையும் குவாண்டம் விதிகளின்படி கம்ப்யூட்டரில் கணக்கிட்டது. தேறியவற்றை மட்டும் வேதியியலாளர்கள் ஆய்வகத்தில் செய்து பார்த்தார்கள். 2014-ல் வெளியான அந்த ஆய்வில் கணக்கும் சோதனையும் பெரிதும் ஒத்துப்போயின. என் பார்வையில் அவருடைய பணியில் இதுதான் உச்சம்.

பொருள்களின் குணத்தைக் கம்ப்யூட்டரில் கணக்கிடும் இந்தத் துறைக்கு 1964 முக்கியமான ஆண்டு. வால்டர் கோனும் பியர் ஹோஹென்பெர்க்கும் எலெக்ட்ரான் அடர்த்தியைக் கொண்டே பொருளின் ஆற்றலைக் கணக்கிடலாம் என்று நிறுவினார்கள். ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான் 864 ஆர்கான் அணுக்களின் அசைவைக் கம்ப்யூட்டரில் பின்தொடர்ந்ததும் அதே ஆண்டில்தான். கோனுக்கு 1998-ல் நோபல் கிடைத்தது, வேதியியலுக்காக.

இப்படிக் கணக்கிடும் மென்பொருள்கள் பல இன்று இலவசம். சேலத்து மேக்னசைட்டைச் சுட்டால் கிடைப்பது மெக்னீசியம் ஆக்சைடு. எஃகு உலைகளின் உட்சுவர்ச் செங்கல் அதிலிருந்துதான் வருகிறது. அதன் படிக அமைப்பைச் சாதாரணக் கல்லூரி லேப் கம்ப்யூட்டரிலேயே கணக்கிட்டுவிடலாம். ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளின் பிட்டில் பதித்த டங்ஸ்டன் கார்பைடு பட்டன்கள் பாறையில் தேய்கின்றன. அவற்றிலுள்ள கார்பைடு துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் கோபால்ட்டுக்கு மாற்று எது என்பது கடினமான கேள்வி, நம் ஊர்க் கேள்வியும்கூட.

சேலம், நாமக்கல் கல்லூரி முதல்வர்களே, இறுதியாண்டு புராஜெக்ட்டில் உலோகவியல், மெக்கானிக்கல் மாணவர்களையும் கம்ப்யூட்டர் மாணவர்களையும் ஒரே குழுவாகச் சேருங்கள். ரிக் பட்டறைக்காரர்களிடமிருந்தே கேள்வியை வாங்கி வரச் சொல்லுங்கள்.