தமிழ் பேசிய பேய் தெலுங்குக்கு மாறிய கதை தெரியுமா?

'சந்திரமுகி' எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்? டி.வி.யில் போட்டால் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுகிற படங்களில் அதுவும் ஒன்று. அதில் ஜோதிகாவுக்குள் புகுந்துகொள்ளும் நாட்டியக்காரி தெலுங்கில் பேசுவாள், தெலுங்கில் பாடுவாள். ஆனால் அந்தப் பேயின் சொந்த ஊர் தஞ்சாவூர் என்பது தெரியுமா?

ஆமாம், அசல் பேய் தமிழச்சி! 1993-ல் ஃபாசில் இயக்கிய மலையாளப் படம் 'மணிச்சித்ரதாழ்'. அதில் வரும் நாகவல்லி, தஞ்சாவூரிலிருந்து கேரளத்துக் காரணவர் ஒருவர் கூட்டிவந்த நாட்டியக்காரி. ஷோபனா கண்களை உருட்டிக்கொண்டு தமிழில் சீறுவார். மலையாள ரசிகன் அதைக் கேட்டு நடுங்கினான். அதே கதை தமிழுக்கு வந்தபோது பேய் தமிழ் பேசினால் யார் பயப்படுவார்கள்? அதனால் அவளை ஆந்திரத்துக்காரி ஆக்கினார்கள். 2004-ல் கன்னடத்தில் வந்த 'ஆப்தமித்ரா'விலும் அவளுக்குத் தெலுங்குதான். இந்தியில் 'பூல் புலையா' (2007) எடுத்தபோது வங்காளத்து மஞ்சுளிகா ஆகிவிட்டாள். எந்த மாநிலத்துக்குப் போனாலும் பேய் மட்டும் வேறொரு மாநிலத்துக்காரி! பயமுறுத்தும் உரிமையை நம் ஊர் ஆளுக்கு யாருமே கொடுக்கவில்லை.

இன்னொன்று. அந்த மலையாளப் படத்தின் அரண்மனைக் காட்சிகளில் ஒரு பகுதி எடுக்கப்பட்ட இடம் பத்மநாபபுரம் அரண்மனை. அது கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருந்தாலும், நிற்பது நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்தில். ஆக, தமிழ்ப் பேய், தமிழ் மண்ணில் நிற்கும் அரண்மனையில் மலையாளிகளைப் பயமுறுத்தியிருக்கிறது. அது போதாதென்று, நாகவல்லியாக மாறிய பின் ஷோபனாவுக்குக் குரல் கொடுத்ததும் துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞர். பல வருடம் அந்தப் பெருமை மொத்தமும் மாறுவதற்கு முன் ஷோபனா நடித்த கங்காவுக்குக் குரல் கொடுத்த பாக்யலட்சுமிக்கே போய்க்கொண்டிருந்தது. படம் வந்து 20 வருடத்துக்கு மேல் ஆன பிறகுதான் ஃபாசில் உண்மையைச் சொன்னார். ஷோபனாவுக்கு அந்த வேடத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. துர்காவுக்குப் பெயர்கூட அப்போது கிடைக்கவில்லை!

இனி அடுத்த ஆச்சரியம். இந்த ஒரே பேயை வைத்து ஒரே இயக்குநர் எத்தனை படம் எடுத்திருக்கிறார் தெரியுமா? பி.வாசு, ஐந்து! 'ஆப்தமித்ரா', 'சந்திரமுகி' (2005), பிறகு கன்னடத்தில் 'ஆப்தரக்‌ஷகா' (2010), அதே வருடம் தெலுங்கில் வெங்கடேஷை வைத்து 'நாகவல்லி', கடைசியாக 2023-ல் ராகவா லாரன்ஸ், கங்கனா ரணாவத்தோடு 'சந்திரமுகி 2'. மூன்று மொழி, ஐந்து படம். 'ஆப்தமித்ரா' வெளியாவதற்குச் சில மாதங்களுக்கு முன் விமான விபத்தில் அதன் நாயகி சௌந்தர்யா இறந்துபோனார். 'ஆப்தரக்‌ஷகா' வெளியாவதற்கு முன் அதன் நாயகன் விஷ்ணுவர்தன் காலமானார். உடனே நாகவல்லியின் சாபம் என்று கிளப்பிவிட்டார்கள். சாபமாவது மண்ணாவது! அப்படியொன்று இருந்தால் ஐந்து படம் எடுத்த வாசுவைத்தானே முதலில் தேடி வந்திருக்கும்?

'சந்திரமுகி'யில் ஜோதிகாவின் வேடத்துக்கு முதலில் ஒப்பந்தமானவர் சிம்ரன் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். 2005 தமிழ்ப் புத்தாண்டு அன்று அதோடு மோதிய படங்கள் ஞாபகம் இருக்கிறதா? கமலின் 'மும்பை எக்ஸ்பிரஸ்', விஜய்யின் 'சச்சின்'. சென்னை சாந்தி தியேட்டரில் 'சந்திரமுகி' 800 நாளுக்கு மேல் ஓடியது. தயாரித்தது சிவாஜி குடும்பம், தியேட்டரும் அப்போது சிவாஜி குடும்பத்துடையது. அந்தக் கணக்கில் கொஞ்சம் தள்ளுபடி போட்டுக்கொள்ளலாம். போட்டாலும் படம் பெரிய வெற்றிதான்.

இப்போது மறுபடி போட்டுப் பாருங்கள். நாம் எதற்காக உட்கார்ந்திருக்கிறோம்? ரஜினியின் சண்டைக்காகவா? எனக்கென்னவோ வடிவேலுவின் முருகேசனுக்காகத்தான் என்று தோன்றுகிறது. பங்களா பேயைவிட, பொண்டாட்டிமேல் வந்த சந்தேகம் அவரைப் போட்டு ஆட்டும் ஆட்டம் இருக்கிறதே! பேய்க்கு ஒரு கண், வீட்டுக்கு ஒரு கண்ணாக அவர் முழிக்கும் முழிக்கே டிக்கெட் காசு செரித்துவிடும். இதை வாசுவும் தெரிந்துவைத்திருந்தார் போலிருக்கிறது. 18 வருடம் கழித்து வந்த இரண்டாம் பாகத்தில் நாயகன் மாறினார், நாயகி மாறினார், இசை வித்யாசாகரிடமிருந்து ஆஸ்கர் வாங்கிவந்த கீரவாணிக்குப் போனது. முருகேசனாக வடிவேலு மட்டும் அதே இடத்தில்! என்ன பயன்? அந்தச் சந்தேகம் இல்லாத முருகேசனுக்கு அங்கே வேலையே இல்லை. ஆளைக் கூட்டிவந்தார்கள், அவருடைய பிரச்சினையை முதல் பாகத்திலேயே விட்டுவிட்டார்கள்.

கவனித்துப் பார்த்தால் பாதி இரண்டாம் பாகங்களுக்கு இதே வியாதிதான். நாம் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்று. அவர்கள் தொடர்வது வேறொன்று.

'இந்தியன்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1996 மே மாதம் அது வந்தபோது சேனாபதி தாத்தாவாக நடித்த கமலுக்கு வயது என்ன தெரியுமா? வெறும் 41! ஹாலிவுட்டிலிருந்து மைக்கேல் வெஸ்ட்மோர் வந்து மணிக்கணக்கில் ஒப்பனை போட்டார். கமலுக்குத் தேசிய விருது, அந்த வருடம் ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் போன படமும் அதுதான். 'இந்தியன் 2' 2024 ஜூலையில் வந்தபோது கமலுக்கு 69. நிஜமாகவே தாத்தா வயதை நெருங்கிவிட்டார், அப்படியும் ஒப்பனை விடவில்லை. ஏனென்றால் இடைப்பட்ட 28 வருடத்தில் சேனாபதிக்கும் வயது ஏறிவிட்டது. நேதாஜியின் படையில் இருந்தவர் 2024-ல் நூறைத் தாண்டித்தானே இருக்க வேண்டும்? நூறைத் தாண்டியவர் ஒற்றைச் சக்கர வண்டியில் பறப்பதைப் பார்க்கும்போது நமக்கு மூட்டு வலிக்கிறது.

முதல் பாகத்தில் சி.பி.ஐ. அதிகாரியாக வரும் நெடுமுடி வேணுவுக்குப் பின்னணிக் குரல் யார் என்று கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள். நாசர்! வேணு 2021-ல் மறைந்தார், விவேக்கும் அதே வருடம் மறைந்தார். ஆனாலும் 2024-ல் இரண்டு பேரும் 'இந்தியன் 2' திரையில் வந்தார்கள். அந்த இடங்களில் மட்டும் படம் சட்டென்று மனதைத் தொட்டது. மற்றபடி? நாம் 'இந்தியன்' போட்டுப் பார்ப்பது ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் கமல், கவுண்டமணி, செந்தில் அடிக்கும் கூத்துக்கும், புருஷன் செத்த இழப்பீட்டுப் பணத்துக்காக ஆபீஸ் ஆபீஸாக அலையும் மனோரமாவுக்கும். இரண்டாம் பாகம் எடுத்துக்கொண்டதோ வர்மக்கலை விரலை மட்டும்.

'அமைதிப்படை' (1994) இதற்கு நேர் சாட்சி. அந்த ஓட்டு எண்ணும் காட்சி ஞாபகம் இருக்கிறதா? மணிவண்ணன் கெத்தாக உட்கார்ந்திருக்கிறார், எதிரே சத்யராஜின் அமாவாசை பவ்யமாக ஒடுங்கியிருக்கிறார். முன்னிலை நிலவரம் ஒவ்வொன்றாக வருகிறது. ஒவ்வொரு அறிவிப்புக்கும் அமாவாசையின் முதுகு கொஞ்சம் நிமிர்கிறது, பேச்சில் மரியாதை ஒரு படி இறங்குகிறது, உடம்பு நாற்காலியில் பரவுகிறது. எழுந்து கத்தவில்லை, பஞ்ச் வசனம் இல்லை, ஒரு மனிதன் பதவிக்கு ஏறுவதை உட்காரும் தோரணையிலேயே காட்டி முடித்துவிட்டார்கள்! நடிப்புப் பள்ளியில் பாடமாக வைக்கலாம். 2013-ல் அதே கூட்டணி 'நாகராஜ சோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ.' என்று திரும்பி வந்தது. அது மணிவண்ணன் இயக்கிய 50-வது படம் என்பதும், வெளியான அடுத்த மாதமே அவர் இறந்துபோனார் என்பதும் தெரியுமா? நக்கல் அப்படியேதான் இருந்தது. ஆனால் ஏற்கெனவே பதவியில் இருப்பவனுக்கு நாற்காலியில் நிமிர இடம் ஏது?

சரி, இந்த இரண்டாம் பாக மோகம் இப்போதுதான் வந்ததா? 1979-க்குப் போங்கள். 'கல்யாணராமன்'! முன்பல் துருத்திய அப்பாவி கல்யாணமாகவும் இரட்டைச் சகோதரன் ராமனாகவும் கமல். கல்யாணத்தைச் சொத்துக்காகக் கொன்றுவிடுகிறார்கள், அவன் ஆவியாக வந்து ராமனோடு சேர்கிறான். அந்த ஆவியை 1985 தீபாவளிக்கு ஜப்பானுக்கே கூட்டிப்போனார் எஸ்.பி.முத்துராமன். 'ஜப்பானில் கல்யாணராமன்', ஒரு தமிழ்ப் படத்தின் கதையையும் ஆளையும் நேராகத் தொடர்ந்த முதல் படங்களில் ஒன்று. அந்த வருடம் ஜப்பானின் சுகுபாவில் நடந்த உலகக் கண்காட்சி, 'எக்ஸ்போ 85', படத்தில் அப்படியே இருக்கிறது. கதையை நம்பிப் பார்க்காதீர்கள். கண்காட்சியைச் சுற்றிப் பார்க்கப் பாருங்கள். பாஸ்போர்ட் செலவு மிச்சம்.

'எந்திரன்' (2010) முடியும் வருடம் எது? 2030. அருங்காட்சியகத்தில் பிரித்துவைக்கப்பட்ட சிட்டியைப் பள்ளிப் பிள்ளைகள் பார்க்கும் காட்சி அது. அந்தப் படத்துக்குத் தோள் கொடுத்த எழுத்தாளர் சுஜாதா 2008-லேயே போய்விட்டார். '2.0'-வில் (2018) சிட்டியை மறுபடி திருகி மாட்டினார்கள், குருவிகள் வந்தன, செல்போன்கள் பறந்தன. சிட்டியின் குறும்பு மட்டும் மாட்டப்படாமல் எங்கோ உருண்டுவிட்டது.

'சாமி'யின் (2003) புவனா, 'சாமி ஸ்கொயர்' (2018) வருவதற்குள் த்ரிஷாவிலிருந்து ஐஸ்வர்யா ராஜேஷாக மாறினார். விக்ரமுக்கு மட்டும் அதே மாமியார் வீடு.

'பில்லா' கணக்கு இன்னும் தலை சுற்றும். அமிதாப்பின் 'டான்' (1978) தமிழில் ரஜினியின் 'பில்லா' (1980) ஆனது. அது 2007-ல் மலேசியாவில் அஜித்தின் 'பில்லா' ஆனது. அஜித்தின் 'பில்லா'வைத் தெலுங்கில் பிரபாஸை வைத்து 2009-ல் எடுத்தார்கள். பிறகு 2012-ல் 'பில்லா 2' வந்தது. பார்த்தால் அது இரண்டாம் பாகம் இல்லை, முன்கதை! அகதியாக வந்திறங்கும் ஒருவன் எப்படி பில்லா ஆனான் என்ற கதை. எண் 2, காலவரிசையில் 1. வரிசையாகப் போட்டுப் பார்க்க நினைப்பவர்கள் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

இந்த வியாதிக்கு மருந்து கண்டுபிடித்த ஆளும் இருக்கிறார், லோகேஷ் கனகராஜ். 'கைதி' (2019) படத்தில் பாட்டு கிடையாது, நாயகி கிடையாது, ஒரே ராத்திரி. அதில் நெப்போலியன் என்ற கான்ஸ்டபிள் வருவாரே, ஜார்ஜ் மரியான்! மாற்றலாகி, திருச்சி கமிஷனர் ஆபீஸில் பொறுப்பேற்க வந்த அன்றைக்கே, சில கல்லூரிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு ரவுடிப் பட்டாளத்தையே கட்டடத்துக்கு வெளியே நிறுத்துவார். உயரம் இல்லை, உடம்பு இல்லை, தொப்பி ஒன்றுதான் இருக்கிறது. இரண்டாம் முறை பார்க்கிறவர்கள் கார்த்தியின் லாரியைவிட அந்தக் கதவையே அதிகம் கவனிப்பார்கள். லோகேஷ் என்ன செய்தார்? 2023-ல் 'லியோ'வில் விஜய் குடும்பத்துக்குக் காவலாக அதே நெப்போலியனை இமாச்சலப் பிரதேசத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் முகத்தைப் பார்த்ததும் தியேட்டரில் எழுந்த கைத்தட்டலைக் கேட்டீர்களா!

'விக்ரம்' (2022) கதையும் அதுதான். அதற்கு 36 வருடம் முன்பு சுஜாதா எழுதிய 'விக்ரம்' (1986) ஒன்று இருந்தது. சலாமியா என்ற கற்பனை ராஜ்ஜியம், அக்னிபுத்திரன் ஏவுகணை, சத்யராஜ் வில்லன், டிம்பிள் கபாடியா இளவரசி என்று அமர்க்களம். லோகேஷ் அந்த ராஜ்ஜியத்தையும் ஏவுகணையையும் அப்படியே ஒதுக்கிவிட்டு, ஏஜென்ட்டின் பெயரையும் பழைய தீம் இசையின் மிதப்பையும் மட்டும் எடுத்துக்கொண்டார். கூடவே ஒரு வேலைக்காரம்மாவை வைத்தார். ஏஜென்ட் டீனாவாக வந்த வசந்தி அதற்கு முன் பல வருடம் நடனக் குழுக்களில் வேலை பார்த்தவர் என்பது தெரியுமா? சமையலறையிலிருந்து அவர் கிளம்பும் அந்தச் சில நிமிடம், சுற்றியிருந்த மூன்று பெரிய நடிகர்களையும் ஓரங்கட்டிவிட்டது.

இரண்டாம் பாகமே வேண்டாம், பழையதையே பாலிஷ் போட்டுக் காட்டுங்கள் என்று கேட்கும் கூட்டமும் இப்போது பெருத்துவிட்டது. 2002-ல் கையைச் சுட்ட 'பாபா'வை 2022 டிசம்பரில் ரஜினி பிறந்தநாளையொட்டி வெட்டிச் சுருக்கி, ரஜினியே புதிதாகச் சில இடங்களுக்குக் குரல் கொடுத்து மறுபடி வெளியிட்டார்கள். அடுத்த வருடம் கமலின் 'ஆளவந்தான்' அதே வழியில் வந்தது. 'மணிச்சித்ரதாழ்' 2024 ஆகஸ்ட்டில் 4கே-வில் வந்து, பிறந்தே இராத பிள்ளைகளையும் பயமுறுத்தியது. புத்தாண்டு மோதலில் 'சந்திரமுகி'யிடம் பின்தங்கிய 'சச்சின்' 2025 ஏப்ரலில் தனியாகத் திரும்பி வந்து தியேட்டரில் ஆட்டம் போட வைத்தது.

அத்தனைக்கும் அண்ணன் 'கில்லி'. 2004 ஏப்ரலில் வந்த படம், 20 வருடம் கழித்து 2024 ஏப்ரலில் மறுபடி வந்தது. வசனத்தை எல்லாரும் ஒரு நொடி முன்னாலேயே சொல்லிவிட, ஸ்பீக்கர் பின்னால் வந்தது. அது தெலுங்கில் மகேஷ் பாபு நடித்த 'ஒக்கடு'வின் (2003) ரீமேக் என்பது தெரியும். இரண்டிலும் வில்லன் பிரகாஷ்ராஜே என்பது தெரியுமா? ஒரே கதையில் இரண்டு மொழியில் இரண்டு முறை அடிவாங்கியவர். ஆனால் தெலுங்கு ஓபுல் ரெட்டியைவிட நம் மதுரை முத்துப்பாண்டிக்குக் காதல் ஒரு படி தூக்கல். கொலைகாரனாக இருந்தும் செல்லம் கொஞ்சிக்கொண்டு நிற்பான்.

'கில்லி'க்கு இரண்டாம் பாகம் எடுக்கலாம் என்று யாராவது கிளம்பினால், விஜய்யின் வேலுவைக் கபடி ஆட விட்டுவிட்டு முத்துப்பாண்டியை எடுத்துக்கொள்ளட்டும். அவன்தான் கடைசியில் செத்துவிடுகிறானே என்கிறீர்களா? 'பில்லா'வுக்குச் செய்தது போல முன்கதையாக எடுத்தால் போச்சு!