சும்மா இருக்கும் காந்தம் கரண்ட் தராது!

விருத்தாசலத்தில் இருந்து உளுந்தூர்பேட்டை போகும் சாலையில் இருக்கிறது மங்கலம்பேட்டை. இருட்டத் தொடங்கியதும் அந்த ஊர்க் கடைவீதியில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பிக்கும். அங்கே பள்ளியில் படிக்கும் யாரையாவது நிறுத்தி, "இந்தக் கரண்ட் எங்கே தயாராகிறது?" என்று கேட்டால், "நெய்வேலியில்!" என்று பட்டென்று பதில் வரும். அவர்களுக்கு அது பக்கத்து ஊர் மாதிரிதானே! "எப்படித் தயாரிக்கிறார்கள்?" என்று கேட்டால், "நிலக்கரியை எரித்து!" என்பார்கள்.

முதல் பதிலில் ஒரு சின்னத் திருத்தம். நம் நாட்டு மின் நிலையங்கள் எல்லாம் இப்போது ஒரே பெரிய கம்பி வலையில் இணைந்திருக்கின்றன. தென்னிந்தியா அந்த வலையோடு சேர்ந்தது 2013 டிசம்பர் 31 அன்று. அதனால் ஒரு பல்பைக் காட்டி, இதில் எரிவது நெய்வேலி கரண்டா, மேட்டூர் கரண்டா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது பதிலில்தான் வேடிக்கை இருக்கிறது. கிராமத்து வீட்டு அடுப்பில் விறகு எரிகிறது. டீக்கடை பாய்லரில் கரி எரிகிறது. அங்கெல்லாம் ஏன் கரண்ட் வருவதில்லை?

ஏனென்றால் நெருப்பு கரண்டைத் தருவதே இல்லை. நெருப்புக்கும் கரண்டுக்கும் நடுவில் ஒரு காந்தமும் ஒரு கம்பிச் சுருளும் இருக்கின்றன. அந்த ஜோடியைக் கண்டுபிடித்த கதையை முதலில் பார்ப்போம்.

1820ல் டென்மார்க் விஞ்ஞானி ஆர்ஸ்டெட் ஒரு விஷயத்தைக் கவனித்தார். கம்பியில் மின்சாரம் ஓடும்போது பக்கத்தில் இருந்த திசைகாட்டியின் முள் அசைந்தது! அப்படியானால் மின்சாரத்தால் காந்தத்தன்மையை உண்டாக்க முடிகிறது. உடனே ஐரோப்பா முழுக்க ஒரே கேள்வி: காந்தத்தால் மின்சாரத்தை உண்டாக்க முடியுமா?

ஜெனீவா நகரில் கொலடான் என்று ஒருவர் 1825ல் முயன்று பார்த்தார். கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை வைத்து, மின்சாரம் வந்தால் காட்டிக் கொடுக்கும் முள் கருவியோடு அந்தச் சுருளை இணைத்தார். காந்தம் பக்கத்தில் இருந்தால் அதுவே முள்ளை இழுத்துவிடுமே என்ற முன்ஜாக்கிரதையில், கருவியை நீளமான கம்பி போட்டு அடுத்த அறையில் வைத்தார். காந்தத்தைச் சுருளுக்குள் நுழைத்துவிட்டு, எழுந்து நடந்து போய்ப் பார்ப்பார். முள் அப்படியே நிற்கும்! பாவம், காந்தம் உள்ளே நுழைந்த அந்த நொடியில் முள் துள்ளியிருக்கும். இவர் அடுத்த அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது பழைய இடத்துக்கே வந்துவிடும். உதவிக்கு ஒரு ஆள் இருந்திருந்தால் இன்று பாடப்புத்தகத்தில் அவர் பெயரைத்தான் படித்துக் கொண்டிருப்போமோ என்னவோ!

அந்தப் பெயர் கிடைத்தது லண்டனில் இருந்த மைக்கேல் பாரடேவுக்கு. கொல்லரின் மகன் இவர். புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை கற்கப் போனவர், பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்துப் படித்தே விஞ்ஞானத்தின் பக்கம் வந்தார். அவருக்கும் சில வருடங்கள் தோல்விதான். 1831 ஆகஸ்ட் 29ல், ஓர் இரும்பு வளையத்தின் இரண்டு பக்கமும் தனித்தனியே இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றினார். ஒன்றை பேட்டரியோடு இணைத்தார். மற்றொன்றோடு இணைத்த கருவியின் முள் ஒரு துள்ளு துள்ளி நின்றுவிட்டது. பேட்டரியை எடுத்தார். மறுபடி ஒரு துள்ளல், இந்தத் தடவை எதிர்ப்பக்கம்! இரண்டு சுருள்களும் ஒன்றையொன்று தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அக்டோபர் 17ல் இன்னும் எளிமையாகச் செய்து பார்த்தார். காகித உருளை மேல் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளுக்குள் ஒரு காந்தக் கம்பியைச் சட்டென்று நுழைத்தார். முள் துள்ளியது. உள்ளேயே வைத்திருந்தார். ஒன்றும் இல்லை. வெளியே இழுத்தார். முள் எதிர்ப்பக்கம் துள்ளியது. விஷயம் பிடிபட்டுவிட்டது! காந்தம் எவ்வளவு பலமானதாக இருந்தாலும் சும்மா இருந்தால் பயனில்லை. சுருளுக்குள் காந்தப்புலம் கூடவோ குறையவோ வேண்டும். அது மாறும் நேரத்தில் மட்டும்தான் கம்பியில் மின்சாரம் ஓடும். எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு வோல்ட் கூடும். சுருளில் எத்தனை சுற்று அதிகமோ, அதற்கேற்பவும் கூடும். 'மின்காந்தத் தூண்டல்' என்று உங்கள் அறிவியல் பாடத்தில் வருவது இதுதான்.

தாத்தா வைத்திருந்த பழைய சைக்கிளில் டைனமோ பார்த்திருக்கிறீர்களா? பாட்டில் மாதிரி டயரை ஒட்டிச் சாய்ந்து நிற்கும். டயர் சுற்றினால் அதன் தலை சுற்றும். உள்ளே காந்தம் சுற்றும். காந்தத்துக்குப் பக்கத்தில் சுருள். வேகமாக மிதித்தால் விளக்கு பளிச்! மேட்டில் திணறினால் மங்கல். நின்றால் இருட்டு. பாரடே சொன்னது அத்தனையும் அந்தச் சின்ன டப்பாவுக்குள் இருக்கிறது.

இப்போது நெய்வேலிக்கு வருவோம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது, கறுப்பாக ஒரு பொருள் வெளியே வந்தது. அதுதான் லிக்னைட் என்கிற பழுப்பு நிலக்கரி. 1956ல் அதை எடுக்க ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1962 மே மாதம், சோவியத் யூனியன் உதவியோடு கட்டிய அனல் மின் நிலையத்தின் முதல் 50 மெகாவாட் இயந்திரம் ஓடத் தொடங்கியது. அந்த முதல் நிலையம் 600 மெகாவாட் வரை வளர்ந்து, வயதாகி, 2020ல் மூடப்பட்டுவிட்டது. அதன் இடத்தை நிரப்ப வந்த புதிய நிலையத்தில் ஓர் இயந்திரமே 500 மெகாவாட்!

அங்கே நடப்பது என்ன? லிக்னைட் எரிந்து தண்ணீரைக் கொதிக்க வைக்கும். நீராவி பயங்கர அழுத்தத்தோடு பாய்ந்து டர்பைன் என்ற சக்கரத்தைச் சுற்றும். டர்பைனோடு ஒரே தண்டில் இணைந்திருப்பது ஒரு ராட்சத மின்காந்தம், பல டன் எடை. அது நிமிடத்துக்கு 3,000 சுற்று, அதாவது நொடிக்கு 50 சுற்று சுற்றும். அதைச் சூழ்ந்து செம்புச் சுருள்கள். அடேயப்பா, எவ்வளவு பெரிய சைக்கிள் டைனமோ! காந்தத்தின் வடமுனையும் தென்முனையும் மாறி மாறிச் சுருளைக் கடப்பதால் மின்சாரமும் திசை மாறி மாறி ஓடுகிறது. நம் வீட்டு கரண்டில் '50 ஹெர்ட்ஸ்' என்று சொல்வது இந்த 50 சுற்றைத்தான்.

மேட்டூரில் அணைத் தண்ணீர் சுற்றுகிறது. முப்பந்தலில் காற்று சுற்றுகிறது. கல்பாக்கத்தில் அணு உலையின் சூட்டில் வரும் நீராவி சுற்றுகிறது. சுற்றிவிடும் ஆள்தான் வேறு வேறு. உள்ளே அதே காந்தம், அதே சுருள்.

தெருமுனையில் 'ம்ம்ம்' என்று ரீங்காரம் போடும் டிரான்ஸ்பார்மர் இருக்கிறதே, அது பாரடேவின் இரும்பு வளையத்தின் பேரப்பிள்ளை. ஒரு சுருளில் பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் திசை மாறி மாறி ஓட, அதைத் தொடாத இன்னொரு சுருளில் வீட்டுக்கு வேண்டிய 230 வோல்ட் கிடைக்கிறது. (வேலிக்கு வெளியே நின்று கேட்டால் போதும். கிட்டே போகவே கூடாது!)

இங்கே புத்திசாலிகள் சிலருக்கு ஒரு சந்தேகம் வரும். 'காந்தம் தேயவில்லை. சுருள் தேயவில்லை. ஒரு தடவை சுற்றிவிட்டால் அது பாட்டுக்குச் சுற்றி கரண்ட் தருமே! எதற்கு மலை மலையாக லிக்னைட்டை எரிக்க வேண்டும்?'

அருமையான கேள்வி. இதற்குப் பதிலை 1834ல் ரஷ்யாவில் இருந்த லென்ஸ் என்ற விஞ்ஞானி விளக்கினார். சுருளில் மின்சாரம் ஓடினால் சுருளும் ஒரு காந்தமாகிவிடும் அல்லவா? வடமுனையை அதற்குள் தள்ளினால், சுருளின் அந்தப் பக்கமும் வடமுனையாகி, 'வராதே!' என்று தள்ளும். வெளியே இழுத்தாலோ அதே பக்கம் தென்முனையாகி, 'போகாதே!' என்று பிடித்து இழுக்கும். சரியான பிடிவாதக்காரச் சுருள்! அதன் பிடிவாதத்தை மீறித் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் கரண்ட். அந்தத் தள்ளும் உழைப்புதான் மின்சாரமாக மாறுகிறது.

இதை நீங்களே பார்க்கலாம். உடைந்த பொம்மைக் காரில் இருந்து ஒரு சின்ன மோட்டாரை எடுங்கள். அதற்குள்ளும் காந்தமும் சுருளும் உண்டு. தண்டில் ஒரு சின்ன பிளாஸ்டிக் விசிறியை மாட்டி, விரலால் சுண்டிவிடுங்கள். சில சுற்று ஓடி நிற்கும். இப்போது மோட்டாரின் இரண்டு ஒயர் முனைகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டு, அதே மாதிரி சுண்டுங்கள். சீக்கிரமே நின்றுவிடும்! ஒயர்கள் பிரிந்திருந்தபோது மின்சாரம் ஓட வழியில்லை. சேர்த்ததும் ஓடுகிறது, அது உங்கள் விரலுக்கு எதிராக வேலை செய்கிறது. பேட்டரிகூட வேண்டாம். வீட்டு பிளக் பாயின்ட் பக்கம் இந்த மோட்டாரோடு போய்விடாதீர்கள்.

இதேதான் தினமும் சாயங்காலம் நெய்வேலியிலும் நடக்கிறது. மங்கலம்பேட்டையிலும் மதுரையிலும் லட்சக்கணக்கான சுவிட்சுகள் போடப்பட, அந்த ராட்சதக் காந்தத்தைச் சுற்றுவது கனமாகிறது. வேகம் கொஞ்சம் குறையப் பார்க்கிறது. உடனே நீராவி வால்வு இன்னும் திறக்கிறது. கூடுதல் நீராவிக்குக் கூடுதல் லிக்னைட். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ லிக்னைட் எரிய வேண்டும். 75 வாட் மின்விசிறி 13 மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் ஆகிவிடும். நீங்கள் தூங்கி எழும் நேரத்தில் தலைக்கு மேல் அரைக் கிலோவுக்கு மேல் தீர்ந்திருக்கும்!

அந்த லிக்னைட் கிடப்பது வயல்களுக்கு அடியில். அதை எடுக்க மேல் மண்ணைப் பல பத்து மீட்டர் ஆழத்துக்கு அகற்ற வேண்டும். நெய்வேலியைச் சுற்றி எத்தனையோ குடும்பங்கள் வீட்டையும் நிலத்தையும் விட்டு வேறு இடம் போயிருக்கின்றன. 2023 ஜூலையில் வளையமாதேவி கிராமத்தில், சுரங்கத்துக்கான கால்வாய் வெட்ட, வயலில் நின்ற நெற்பயிர் மேல் இயந்திரங்கள் இறங்கியபோது பெரிய போராட்டமே நடந்தது. சுருளின் பிடிவாதத்தை மீற யாரோ எங்கோ கொடுக்கும் விலை இது.

நெய்வேலியில் இப்போது சூரிய மின் தகடுகளும் இருக்கின்றன. அவற்றில் வெயில் பட்டதும் மின்சாரம் வருகிறது. சுற்றும் காந்தமும் இல்லை, செம்புச் சுருளும் இல்லை. அது எப்படி? அதற்குப் பாரடே உதவ மாட்டார். அதை இன்னொரு வாரம் பார்ப்போம்.