சிறு ஒளிப்பலகை

உள்ளங்கையில் அடங்கும் சிறு பலகையொன்றில், வரிசைக்கு 8 ஆக 64 எல்.இ.டி. விளக்குகள் அமைந்துள்ளன. விளக்குக்கு இரண்டு வீதம் 128 கம்பிகள் வேண்டுமன்றோ? வேண்டுவன 16 மட்டுமே! கிடைவரிசைக்கு ஒன்றும் நெடுவரிசைக்கு ஒன்றுமாக அவை பொதுவில் இணைக்கப்பட்டுள்ளன. ஒரு நேரத்தில் ஒரு கிடைவரிசையே ஒளிரும். நொடிக்கு நூறு முறை எட்டு வரிசைகளும் அடுத்தடுத்து ஒளிர்ந்து சுழல்வதால், அனைத்தும் ஒருங்கே எரிவதாகக் கண் மயங்குகிறது.

‘ட’ என்னும் எழுத்தைக் காட்டுவதாகக் கொள்வோம். மேல் ஏழு வரிசைகளில் ஒவ்வொரு விளக்கே எரியும். அடிவரிசையிலோ எட்டும் எரிதல் வேண்டும். மின்தடையைக் கிடைவரிசையில் வைத்தால், ஒரு விளக்குக்குரிய மின்னோட்டத்தை எட்டும் பங்கிட்டுக்கொள்ள, அடிக்கோடு மங்கிவிடும். ஆதலின் நெடுவரிசைதோறும் ஒரு தடை வைத்தல் வேண்டும்.

எட்டிலொரு பங்கு நேரமே எரியும் விளக்கின் ஒளிக்குறையை ஈடுசெய்ய, மின்னோட்டத்தை மிகுப்பதும் உண்டு. அந்நிலையில் சுழற்சி இடையே நின்றுவிடின், நின்ற வரிசையின் விளக்குகள் அம்மிகுதியைத் தாங்காது கருகக்கூடும்.