வழக்கறிஞரே குற்றவாளிக் கூண்டில்

எங்கள் விடுதி உணவுக்கூடத்தில் ஞாயிறு மாலைத் தேநீர் வேளை என்பது ஒரு சிறிய சட்டசபை. பேச்சு கிரிக்கெட்டில் தொடங்கும். உலக அரசியலில் முடியும். சென்ற மாதம் அப்படியொரு மாலையில் எகிப்து நாட்டுப் பெண் வழக்கறிஞர் மஹீனூர் அல் மஸ்ரியைப் பற்றிப் பேச்சு எழுந்தது. போலீசாரின் கொடுமையை எதிர்த்து நின்றதால் சிறை சென்றவர் அவர் என்று நான் சொன்னேன். எனக்கு மூத்தவரான ஆராய்ச்சி மாணவர் ஒருவர், மதுரைக்காரர், தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "சட்டம் படித்தவரே சட்டத்தை மீறினால், மாலையா போடுவார்கள் தம்பி? வழக்கு வந்தால் நடத்த வேண்டியதுதானே?"

அன்று எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. பௌதிகம் படிப்பவனுக்குச் சட்டம் எங்கே தெரியும்? ஆயினும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நூலகத்தில் தேடிப் படித்தேன். சட்டக் கல்லூரி நண்பர்களிடம் கேட்டறிந்தேன். அதன் பயனே இக்கட்டுரை.

கதை அலெக்ஸாண்டிரியா நகரில் தொடங்குகிறது. 2010-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள், காலித் சயீத் என்ற 28 வயது இளைஞரை ஓர் இன்டர்நெட் கடையிலிருந்து இரண்டு போலீசார் வெளியே இழுத்துச் சென்றனர். அடியால் அவர் உயிர் போயிற்று. போதைப் பொருள் பொட்டலத்தை விழுங்கி மூச்சடைத்து இறந்தார் என்று அதிகாரிகள் கூறினர். ஆனால் சிதைந்த அவர் முகத்தின் புகைப்படம் வேறு கதை சொல்லிற்று. "நாம் அனைவரும் காலித் சயீத்" என்ற பெயரில் எழுந்த முகநூல் பக்கம் பல இலட்சம் பேரைத் திரட்டியது. 2011 ஜனவரி 25-ஆம் நாள் எகிப்தில் மக்கள் திரண்டெழுந்தார்களே, அந்த நாள் அந்நாட்டின் போலீஸ் தினம் என்பதை நம்மில் பலர் அறியமாட்டோம். போலீஸ் தினத்தன்று போலீஸ் கொடுமையை எதிர்ப்பதே முதலில் அவர்கள் நோக்கம்.

முபாரக் ஆட்சி வீழ்ந்தது. அந்த இரு போலீசாருக்கும் 2011 அக்டோபரில் ஏழாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பின்னர் மேல் நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. 2013 டிசம்பர் 2-ஆம் நாள் அந்த மறுவிசாரணை நடந்துகொண்டிருந்தபோது, நீதிமன்றத்தின் வெளியே சிலர் கூடி நீதி கேட்டு முழங்கினர். அவர்களில் ஒருவர் மஹீனூர்.

அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், அதே ஆண்டு நவம்பர் 24-ஆம் நாள், ஆர்ப்பாட்டங்களைக் கட்டுப்படுத்தும் 107-ஆம் எண் சட்டம் பிறந்திருந்தது. பத்துப் பேருக்கு மேல் பொது இடத்தில் கூடினாலே அது பொதுக்கூட்டம். முன்கூட்டியே போலீஸ் நிலையத்தில் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அதன் கடுமையான பிரிவு ஒன்று, இரண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறையும் 50,000 பவுண்டிலிருந்து 1,00,000 பவுண்டு வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. போலீசாரைக் கண்டித்துக் கூடுவதாயினும் அந்தப் போலீசாரிடமே போய் அறிவிக்க வேண்டும் என்ற விநோதத்தைக் கவனியுங்கள்.

2014 ஜனவரியில் மஹீனூருக்கும் உடனிருந்தோருக்கும் இரண்டாண்டுச் சிறையும் 50,000 பவுண்டு அபராதமும் விதிக்கப்பட்டன. அடுத்து நடந்ததுதான் என் மனத்தை உறுத்துகிறது. அவ்வாண்டு மார்ச்சில் மறுவிசாரணை முடிந்து, அந்த இரு போலீசாருக்கும் பத்தாண்டுச் சிறை கிடைத்தது. அதாவது, காலித் சயீதுக்குக் கொடுமை நேர்ந்தது உண்மை என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. இரண்டு மாதம் கழித்து, மே மாதத்தில், அதே உண்மையைத் தெருவில் நின்று சொன்ன மஹீனூரின் தண்டனையை மற்றொரு நீதிமன்றம் உறுதி செய்தது! பின்னர் தண்டனை ஆறு மாதமாகக் குறைக்கப்பட்டு, செப்டம்பரில் அவர் வெளியே வந்தார்.

இரண்டாவது வழக்கு இன்னும் தெளிவானது. 2013 மார்ச்சில், பிடித்து வைக்கப்பட்டவர்களைப் பார்ப்பதற்காக வழக்கறிஞர்கள் சிலர் அலெக்ஸாண்டிரியாவின் ரம்ல் போலீஸ் நிலையத்துக்குச் சென்றனர். போலீசார் தங்களைத் தாக்கினர் என்பது வழக்கறிஞர்கள் முறையீடு. வழக்கறிஞர்களே நிலையத்துக்குள் புகுந்து தங்களைத் தாக்கினர் என்பது போலீசார் வழக்கு. அப்போது ஆட்சியில் இருந்தவர் மோர்சி. அவரை வீழ்த்தி எழுந்த சிசியின் ஆட்சியில், 2015 பிப்ரவரியில் மஹீனூருக்கு இரண்டாண்டுச் சிறை. மேல் முறையீட்டில் ஓராண்டு மூன்று மாதம். மோர்சியும் சிசியும் பரம எதிரிகள். முந்தைய ஆட்சியின் எத்தனையோ காரியங்கள் தலைகீழாயின. ஆனால் போலீசாரைத் தட்டிக்கேட்டவர் மேல் போட்ட வழக்குக் கட்டு மட்டும் பத்திரமாகக் கை மாறிற்று. ஆட்சி எதுவானாலும் இந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமை உண்டு போலும்.

இனி மதுரை நண்பரின் கேள்விக்கு வருவோம். வழக்கு வந்தால் நடத்த வேண்டியதுதானே? ஆம், நடத்த வேண்டியதுதான். வழக்கறிஞர் என்பதற்காக எவருக்கும் தனிச் சலுகை வேண்டாம். ஆனால் இவ்வகை வழக்கின் அமைப்பைச் சற்றே பாருங்கள். புகார் கொடுப்பவர் போலீஸ். புலன் விசாரிப்பவர் போலீஸ். சாட்சி சொல்பவரும் போலீஸ். திருட்டு வழக்கில் போலீசாருக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் முன்பகை இல்லை. இங்கோ, குற்றம் சாட்டப்பட்டவரே போலீசார் மேல் குற்றம் சாட்டியவர்.

எங்கள் சோதனைச்சாலையில் ஒரு பால பாடம் உண்டு. ஒரு தராசு சரியானதா என்று அந்தத் தராசைக் கொண்டே அறிய முடியாது. வெளியிலிருந்து ஒரு படிக்கல் வேண்டும். போலீஸ் நிலையம் என்ற தராசுக்கு வழக்கறிஞர்தான் வெளியிலிருந்து வரும் படிக்கல். படிக்கல்லையே பறிமுதல் செய்துவிட்டால், பிறகு தராசு காட்டுவதெல்லாம் சரியான எடைதான்!

ஆகவே, இத்தகைய வழக்கறிஞருக்காக வாதாடுவது என்பது அவருக்கு நற்சான்று படிப்பதன்று. போலீசார் அல்லாத சாட்சி உண்டா? காயங்களைப் பற்றி மருத்துவர் எழுதியது என்ன? எந்தப் புகார் முதலில் பதிவாயிற்று? எதிர்ப் புகார் அதற்குப் பிறகு முளைத்ததா? இவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு, வெளியிலிருந்து சான்று கொண்டுவருவதே அந்த வாதத்தின் உயிர்.

உலகம் இதை உணராமல் இல்லை. 1990-இல் ஹவானா நகரில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு, வழக்கறிஞர்கள் அச்சுறுத்தலின்றித் தொழில் செய்ய அரசுகள் வகை செய்ய வேண்டும் என்றது. கட்சிக்காரரின் செயலை வழக்கறிஞர் தலையில் சுமத்தக் கூடாது என்றது. மற்றக் குடிமக்களைப் போலவே அவர்களுக்கும் பேச்சுரிமையும் கூடும் உரிமையும் உண்டு என்றும் கூறிற்று.

எகிப்து எங்கோ இருக்கிறது, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். நாம் படிக்கும் இந்த டில்லிக்குப் பக்கத்திலுள்ள காஜியாபாத்தில், 1994 ஜனவரியில் ஜோகிந்தர் குமார் என்ற இளம் வழக்கறிஞரைப் போலீசார் விசாரணைக்கென அழைத்துச் சென்று, ஐந்து நாள் வைத்திருந்தனர். அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம், கைது செய்ய அதிகாரம் இருப்பது வேறு, கைது செய்யக் காரணம் இருப்பது வேறு என்று தெளிவாக்கியது. 1996-இல் டி. கே. பாசு வழக்கில், கைதுக் குறிப்பு எழுதிச் சாட்சிக் கையெழுத்துப் பெறுவது, உறவினருக்குத் தெரிவிப்பது, 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, வழக்கறிஞரைச் சந்திக்க அனுமதி என 11 விதிகளை வகுத்தது. அந்த வழக்கு எப்படித் தொடங்கியது தெரியுமா? காவலில் நேர்ந்த சாவுகளைப் பற்றி, மேற்கு வங்கத்தின் சட்ட உதவி அமைப்பொன்றின் தலைவர் 1986-இல் தலைமை நீதிபதிக்கு எழுதிய ஒரு கடிதத்தில்! நமது அரசியல் சட்டத்தின் 22-ஆம் விதி, கைதானவருக்குத் தாம் விரும்பும் வழக்கறிஞரின் துணை உண்டு என்கிறது. துணைக்கு வருபவர் அஞ்சி ஒதுங்கினால் அவ்விதி வெறும் ஏடுதான்.

மஹீனூர் அஞ்சி ஒதுங்கவில்லை. 2014-இல் சிறையில் இருந்தபோதே, மனித உரிமைக்காக உழைக்கும் வழக்கறிஞருக்கான லுடோவிக் திராரியூ பரிசு அவருக்குக் கிடைத்தது. 1985-இல் அப்பரிசை முதன்முதல் பெற்ற நெல்சன் மண்டேலாவும் அப்போது சிறையில்தான் இருந்தார். மஹீனூரோ தம்மைப் பற்றிப் பேச வேண்டாம் என்பதுபோல், கடனைக் கட்ட இயலாமல் தம்முடன் அடைபட்டிருந்த ஏழைப் பெண்களைப் பற்றிச் சிறையிலிருந்து எழுதினார். 2019 செப்டம்பரில், கைதானவர்களின் விசாரணைக்காகக் கெய்ரோவில் அரசு வழக்குத் துறை அலுவலகத்துக்குச் சென்று வெளியே வந்தவரை, வாயிலிலேயே பிடித்துக்கொண்டு போயினர். ஏறக்குறைய 22 மாதம் கழித்து, 2021 ஜூலையில்தான் விடுதலை.

சென்ற ஞாயிறு இவற்றையெல்லாம் மதுரை நண்பரிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி தம்பி, நம்மில் ஒருவனை நடு இரவில் வந்து அழைத்துப் போனால், யாருக்குப் போன் செய்வாய்?" என்றார்.

எங்கள் மேசையில் அறுவர் இருந்தோம். இந்த நகரில் ஒரு வழக்கறிஞரின் எண் எங்களில் எவரிடமும் இல்லை. மறுநாளே சட்டக் கல்லூரி நண்பரிடம் இரண்டு எண்களைக் கேட்டு வாங்கி, விடுதி அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினோம். அவ்வழியே போகும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் வருகிறது: நள்ளிரவில் அழைத்தால் எழுந்து வரும் துணிவுள்ள ஒருவர் மறுமுனையில் இருக்கும்வரைதான் அந்த எண்களுக்குப் பொருள் உண்டு.